ரேமைக் கூட்டினால் விண்டோஸின் பசியும் கூடுமா?

கேள்வி: என் மடிக்கணினியில் 4 ஜிபி ரேம் இருந்தது. எந்த நிரலையும் திறக்காதபோதே விண்டோஸ் 10 அதில் 2 ஜிபியை எடுத்துக்கொண்டது. இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டேன். இப்போது சும்மா இருக்கும்போதே 3 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. போட்டதையும் விழுங்குகிறதே! எக்ஸ்பி 128 எம்பியில் ஓடியது. புதிய கணினி விற்பதற்காகவே இப்படிச் செய்கிறார்களா?

பதில்: உங்களை அறியாமலே அருமையான சோதனை ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். இயங்குதளம் மாறவில்லை, ரேம் மட்டும் மாறியது. விண்டோஸ் 10 ஓட 3 ஜிபி கட்டாயம் என்றால் முன்பும் அவ்வளவு கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆகவே டாஸ்க் மேனேஜரில் நீங்கள் பார்ப்பது அதன் தேவை அல்ல, அந்த நேரத்தில் அது கைவசம் வைத்திருக்கும் அளவு. அந்த எண்ணைத் தேவை என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது.

ஒரு நிரல் அண்மையில் தொட்ட தகவல்கள் ரேமில் தங்கியிருக்கும். அந்தத் தொகுப்புக்கு 'வொர்க்கிங் செட்' என்று பெயர். இடம் நெருக்கடியானால் விண்டோஸ் அதைச் சுருக்கும்: நெடுநேரம் தொடாத பகுதிகளை ரேமுக்குள்ளேயே அமுக்கி வைக்கும், அல்லது டிஸ்க்குக்கு அனுப்பும். இடம் தாராளமாக இருந்தால் அப்படியே விட்டுவிடும். மேசை பெரிதாக இருந்தால் எடுத்த புத்தகத்தை நாமும் உடனே அலமாரிக்குத் திருப்புவதில்லையே! 'ரேம் கிளீனர்' மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்காததும் இதனால்தான். அவை எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆனால் வெளியே தள்ளியது மறுபடி தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து கொண்டுவர வேண்டும், அது பல மடங்கு தாமதம்.

இனி எக்ஸ்பி. 2001இல் வந்த அதற்குக் குறைந்தபட்சம் 64 எம்பி, பரிந்துரை 128 எம்பி. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. இந்த ஏற்றத்தில் நியாயமானதும் உண்டு, அல்லாததும் உண்டு.

திரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் ஒரு சாளரம் இன்னொன்றின் பின்னால் மறைந்தால் மறைந்த பகுதியின் படம் பொதுவாக எங்கும் சேமிக்கப்படாது. முன்னால் வரும்போது நிரல் மறுபடி வரையும். விஸ்டா தொடங்கி ஒவ்வொரு சாளரத்தின் முழுப் படமும் தனியே நினைவகத்தில் இருக்கிறது. 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத்திரைப் படத்துக்கே சுமார் 8 எம்பி. எட்டு சாளரங்கள் திறந்தால் எக்ஸ்பி குறைந்தபட்சமாகக் கேட்ட மொத்த ரேமும் படங்களுக்கே போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் அவையும் பொது ரேமில்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. 2018இல் 'ஸ்பெக்டர்' என்ற, செயலியின் வடிவமைப்பிலேயே இருந்த ஓட்டை வெளியானது. அதன்பின் குரோம் உலாவி வெவ்வேறு தளங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் பிரித்து வைக்கத் தொடங்கியது. ஒரு தளம் இன்னொன்றின் ரகசியத்தைத் திருட முடியாதபடி எழுப்பிய சுவர் அது. நினைவகத் தேவை அதனால் 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. கொடுக்கத்தக்க விலைதான்.

ஆனால் ஓர் அரட்டை நிரலுக்குள் முழு உலாவியையே பொதிந்து அனுப்புவதை என்னால் நியாயப்படுத்த முடியாது. எழுதுபவருக்கு அதனால் வேலை மிச்சம். அதன் செலவு 4 ஜிபி மடிக்கணினிக்கு மேல் வாங்க வழியில்லாத மாணவர் தலையில் விழுகிறது. உங்கள் சந்தேகத்தில் நான் முழுமனதோடு உடன்படும் இடம் இதுதான்.

இயங்குதளத்தின் குறைந்தபட்சத் தேவை ஒவ்வொரு பதிப்பிலும் ஏறியதில்லை. 2009இன் விண்டோஸ் 7க்கும் 2015இன் விண்டோஸ் 10க்கும் அது ஒன்றே: 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. விண்டோஸ் 11 பழைய கணினிகளை மறுப்பதும் பெரும்பாலும் ரேமுக்காக அல்ல. டிபிஎம் 2.0, அதாவது மறையாக்கச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புக் கூறு, அதற்கு வேண்டும். செயலியும் மைக்ரோசாப்டின் பட்டியலில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், உங்கள் செயலி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். 8 ஜிபி போட்டும் கணினி மந்தமாக இருந்தால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்றும் பாருங்கள். ஆம் என்றால் அடுத்த செலவு ரேமுக்கு வேண்டாம், எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள்.