வண்டியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்: ஒரு பாடம்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, இளைய அன்பர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்காவில் ஓடும் பிக்கப் வண்டி. பின்புறம் சாமான் ஏற்றும் தொட்டியின் பக்கச் சுவரில் வரிசையாகப் ப்ளக் பாயிண்டுகள். "சார், இப்படி ஒரு வண்டி இருந்தால் ஃபானி புயலின்போது நாம் அவ்வளவு அவதிப்பட்டிருக்க வேண்டாமே?" என்று கேட்டார்.

2019 மே மாதத்தை புவனேசுவரத்தில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. பல பகுதிகளில் ஒரு வாரத்துக்கும் மேல் விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை. ஆகவே அவர் கேட்டது நியாயமான கேள்வி. நின்றுகொண்டே பதில் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். காபி ஆறிவிட்டது, பதில் முடியவில்லை. "எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார் ஆசிரியர். ரயில்வேயில் 39 வருடம் பெட்டிகளின் விளக்கு, விசிறி, பாட்டரி ஆகியவற்றோடு காலம் தள்ளியவன் நான். டிப்ளமா படிப்புத்தான். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் ஆல்டர்னேட்டர் உண்டு. அது 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் தருவதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,400 வாட்தான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் குறையும். அதில் வண்டியின் சொந்தச் செலவு வேறு. சிகரெட் லைட்டர் துளையின் ஃப்யூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். ஆக நமக்குக் கிடைப்பது 120 முதல் 180 வாட். தொலைபேசிக்கும் ஒரு சிறு விளக்குக்கும் போதும், அதற்கு மேல் ஆகாது.

அந்தப் படத்தில் இருந்த வண்டி வேறு வகை. ஃபோர்டு எஃப்-150 என்பது அதன் பெயர். 2021 மாடலில் இந்த வசதி வந்தது. பெட்ரோல் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே 35 கிலோவாட் மின் மோட்டார் ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும்போது அது எஞ்சினுக்குத் துணை. நிற்கும்போது எஞ்சின் அதைச் சுழற்றினால் அதுவே ஜெனரேட்டர். அந்த மின்சாரம் ஒன்றரை யூனிட் கொள்ளும் லித்தியம் பாட்டரிக்குப் போய், அங்கிருந்து இன்வெர்ட்டர் வழியாக வீட்டு மின்சாரம் போன்ற ஏ.சி.யாக வெளியே வருகிறது. பாட்டரி இறங்கினால் எஞ்சின் தானாக ஓடும், ஏறினால் தானாக நிற்கும். இந்தக் கலப்பு எஞ்சின் வண்டியில் 2.4 கிலோவாட், 7.2 கிலோவாட் என்று இரண்டு அளவு. பெரியதில் 120 வோல்ட், 20 ஆம்பியர் பாயிண்டுகள் நான்கும், 240 வோல்ட், 30 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றும் உண்டு. டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால், முழு 7.2 கிலோவாட்டையும் 32 மணி நேரம் வரை எடுக்கலாம் என்று கம்பெனி சொன்னது.

நம் ரயில் பெட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். பழைய ஐ.சி.எஃப். வகை ஏ.சி. இல்லாத பெட்டியின் அடியில், சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டும் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர் இருக்கும். ஓடினால் மின்சாரம், நின்றால் பாட்டரி. வண்டி நெடுநேரம் நின்றுவிட்டால் விளக்கு மங்கும், விசிறி சோரும், பயணிகள் எங்களைத் திட்டுவார்கள். இந்தப் பிக்கப் வண்டியோ நின்றபடியே மின்சாரம் செய்கிறது. தத்துவம் ஒன்றுதான், சுழற்றுவது மட்டும் வேறு.

டெக்சாஸிலிருந்து ஒரு தொலைபேசி

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனிப்புயல். 15-ஆம் தேதி அதிகாலையில் மின்வெட்டு தொடங்கியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. பல பெட்ரோல் பங்குகளும் மின்சாரமில்லாமல் மூடிக்கிடந்தன. அந்த வாரம், இந்த வகை வண்டி கையிருப்பில் இருந்தால் தவிப்பவர்களுக்கு இரவல் கொடுங்கள் என்று ஃபோர்டு கம்பெனியே தன் டீலர்களைக் கேட்டுக்கொண்டது.

என் மகள் குடும்பம் அங்கேதான். 16-ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு மாப்பிள்ளை அழைத்தார். அங்கே முதல் நாள் இரவு எட்டு மணி. "மாமா, கரண்ட் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆச்சு. அம்மாவோட ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சு. சிலிண்டர் இன்னும் மூணு மணி நேரம்தான் வரும்" என்றார். சம்பந்தியம்மாள் 2020 தொடக்கத்தில் பேரனைப் பார்க்கப் போனவர். கொரோனாவால் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கியிருந்தார். நுரையீரல் நோயாளி.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். அவரிடம் 7.2 கிலோவாட் வண்டி புதிதாக வந்திருந்தது. உதவ அவரே முன்வந்தார். "ரெண்டு பக்கமும் ப்ளக் வெச்ச ஒயர் செஞ்சு, நம்ம வீட்டு சாக்கெட்ல சொருகிட்டா வீடு முழுக்கக் கரண்ட் வந்துடும்னு சொல்றார் மாமா. மெயினை ஆஃப் பண்ணிட்டா போதுமாம்" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம்" என்று நான் போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்துவிட்டாள். சம்பந்தியம்மாளுக்கு மூச்சு மூன்று மணி நேரம்தான். அப்படியிருந்தும் ஏன் வேண்டாம் என்றேன்?

நான் செய்த ஒயர்

1999 அக்டோபர் 29 பெரும்புயலின்போது நான் குர்தா ரோட்டில் வேலையில் இருந்தேன். பல நாட்கள் மின்சாரமில்லை. ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்த நண்பர் ஒருவர், கல்யாணப் பந்தல்காரரிடம் சிறு ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். வீட்டு ஒயரிங்கிலேயே கொடுத்துவிட்டால் எல்லா அறைக்கும் விளக்கு வரும், இரு பக்கமும் ப்ளக் உள்ள ஒயர் ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார். கால் மணி நேரத்தில் செய்து கொடுத்தேன். "மெயினை ஆஃப் செய்த பிறகே சொருக வேண்டும்" என்றும் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார்.

நான்காம் நாள் சாயங்காலம், தெருவில் வேலை நடப்பதைப் பார்த்த அவர் வீட்டுப் பையன், லைன் வந்துவிட்டதா என்று பார்க்க மெயினைப் போட்டான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வீட்டிலிருந்து தெருவுக்குப் போனது. புயலில் கம்பிகள் அறுந்து அந்தத் துண்டில் வேறு வீடுகள் அதிகம் இல்லாததால், சிறு ஜெனரேட்டரே கம்பியைத் தாங்கிவிட்டது. கம்பத்தின் மேல் இருந்த லைன்மேன் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது. கை வெந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் கம்பம் ஏறவில்லை.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். "லைன் ஆஃப் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதானே ஏறினேன், எங்கிருந்து வந்தது?" என்று ஒடியாவில் கேட்டார். நான் செய்த ஒயரிலிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் கம்பியை எர்த் செய்துவிட்டு ஏறியிருக்க வேண்டும் என்று பேசியவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அது அவருடைய பிழை, ஒயர் என்னுடைய பிழை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை நமக்காகக் குறைக்கிறது. வீட்டுப் பக்கமிருந்து கொடுத்தால் அதே டிரான்ஸ்ஃபார்மர் மறுபடியும் 11,000 ஆக்கும். அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் கிடையாது. அதோடு, அந்த ஒயரின் ஒரு முனையைச் சொருகி மறு முனையைக் கையில் வைத்திருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கால்களில் முழு வோல்ட்டேஜும் நிற்கும்.

ரயில்வேயில் இதற்கு அழகான பாடம் உண்டு. பாயிண்ட் சரியாக அமையாமல் சிக்னல் இறங்காது. இதற்குப் பெயர் இன்டர்லாக்கிங். கேபின்காரர் கெட்டிக்காரரா, ஞாபகசக்தி உள்ளவரா என்பதைப் பற்றி அந்த லீவர் கவலைப்படுவதில்லை. நாங்கள் நினைவை நம்புவதில்லை, பூட்டை நம்புகிறோம். வீட்டுக்கு அந்தப் பூட்டுத்தான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒன்று போர்டு மின்சாரம், அல்லது நம் மின்சாரம். இரண்டும் சந்திக்கவே வழியில்லை. அது இல்லாத வீட்டில் "மெயினை ஆஃப் பண்ணிட்டா போதும்" என்பது வெறும் நினைவை நம்புவது. வீட்டில் ஒரு சின்னப் பையன் இருந்தால் போதும், அது தவறிவிடும்.

பிறகு என்ன செய்தோம்?

வீட்டு ஒயரிங்கைத் தொடாமல், சாமான்களை மட்டும் வண்டியோடு இணைத்தோம். மாப்பிள்ளையைத் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னேன். ஆக்சிஜன் மெஷின் 350 வாட், அறை ஹீட்டர் 1,500, விளக்கும் தொலைபேசி சார்ஜரும் 50. மொத்தம் 1,900. அங்கே ஒரு பாயிண்ட் 120 பெருக்கல் 20, அதாவது 2,400 வாட் தரும். ஒன்றிலேயே அடங்கும்தான். ஆனாலும் மெஷினுக்குத் தனிப் பாயிண்ட், ஹீட்டருக்குத் தனிப் பாயிண்ட் வைக்கச் சொன்னேன். ஹீட்டரால் எது விழுந்தாலும் மூச்சு நிற்கக்கூடாது. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டாருக்கு. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே பனிதானே. பாலைப் பின்கட்டில் வைக்கச் சொன்னேன்.

அடுத்தது ஒயர். 30 மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால், போக வர 60 மீட்டருக்குத் தடை 1.05 ஓம். 120 வோல்ட்டில் ஹீட்டர் இழுப்பது 12.5 ஆம்பியர். வழியிலேயே 13 வோல்ட் போய்விடும். ஒயருக்குள் 160 வாட்டுக்கு மேல் சூடாகும். நீட்டிப் போட்டால் காற்றில் ஆறலாம், சுருட்டி வைத்தால் உருகிவிடும். நம் ஊர் 230 வோல்ட்டில் அதே ஹீட்டருக்கு 6.5 ஆம்பியர்தான். அதனால் அமெரிக்காவில் ஒயர் விஷயத்தில் நம்மைவிடக் கவனம் வேண்டும். நல்ல வேளையாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் கட்டட வேலைக்கான தடித்த ஒயர் இருந்தது. முழுவதும் பிரித்துப் போடச் சொன்னேன்.

கடைசியாகப் புகை. வண்டி வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளித் திறந்தவெளியில் நிற்க வேண்டும், புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்கக்கூடாது. ஒயர் நுழையும் இடத்தில் ஜன்னல் இடுக்கைத் துண்டால் அடைக்க வேண்டும். கராஜுக்குள் கூடவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதே வாரம் ஹூஸ்டனில், குளிருக்காக வீட்டோடு ஒட்டிய கராஜில் காரை ஓடவிட்ட குடும்பத்தில் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் இறந்துபோனார்கள். இந்தக் கலப்பு வண்டியில் கூடுதல் ஆபத்து, எஞ்சின் தானாக நின்று தானாக ஓடுவது. சத்தமில்லையே என்று நினைத்துத் தூங்கப் போனால், நடுராத்திரியில் ஓடத் தொடங்கும்.

சிலிண்டர் தீர ஒரு மணி நேரம் இருக்கும்போது மெஷின் ஓடத் தொடங்கியது. "சம்பந்தி, உங்க ரயில்வே கரண்ட் நல்லா வருது" என்று மறுநாள் சம்பந்தியம்மாள் பேசினார்.

நம் ஊருக்கு எப்படி?

அந்தப் பிக்கப் வண்டிதான் வேண்டும் என்பதில்லை. இங்கே 2023-இல் வந்த டாடா நெக்ஸான் மின் கார், ஹூண்டாய் அயோனிக் 5 ஆகியவற்றிலேயே, வண்டி பாட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும் வசதி உண்டு. முதலாவதில் 3.3 கே.வி.ஏ., இரண்டாவதில் 3.6 கிலோவாட். புகை இல்லை. 40 யூனிட் பாட்டரியில் பாதியை ஆஸ்பத்திரி அவசரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு 20 யூனிட் எடுங்கள். இரண்டு விசிறி, நாலு விளக்கு, ஃப்ரிட்ஜ், தொலைபேசி எல்லாம் சேர்ந்து சராசரி 280 வாட் என்றால், இன்வெர்ட்டர் நஷ்டம் போக ஏறத்தாழ இரண்டரை நாள் தாங்கும். ஏ.சி.யை மறந்துவிடுங்கள். தண்ணீர் மோட்டாரிலும் கவனம் தேவை. ஒரு ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்து மடங்கு இழுக்கும், வண்டி மறுத்துவிடும்.

மறக்கக்கூடாதவை:

1. இரு தலை ப்ளக் ஒயரைச் செய்யாதீர்கள், வாங்காதீர்கள், வீட்டில் கண்டால் வெட்டிப் போடுங்கள்.

2. வீட்டு ஒயரிங்கில் கொடுக்க விரும்பினால், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிஷியனைக் கொண்டு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு நான்கு முனை சுவிட்ச்.

3. வாட் கணக்கைப் புயலுக்கு முன்பே எழுதி வையுங்கள். இருட்டில் கணக்கு வராது.

4. தடித்த மூன்று கோர் ஒயர், முழுவதும் பிரித்துப் போட வேண்டும். மூட்டுகள் ஈரத் தரையைத் தொடக்கூடாது.

5. எஞ்சின் வண்டி திறந்தவெளியில் மட்டும்.

அன்பரின் கேள்விக்கு இதுவே என் பதில். ஆம், இருந்திருந்தால் அவதி குறைந்திருக்கும். ஆனால் ஃபானிக்குப் பிறகு நம் தெருக் கம்பத்தில் ஏறியவர்களும் யாரோ ஒரு வீட்டுக்காரர்களே. நம் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன், அது எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவிட்ச் போடுவதில் சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்லத் தயார்.