சாப்பாட்டுக் கணக்கில் வறுமை

கேள்வி: அமெரிக்கப் பள்ளிகளில் இலவச மதிய உணவு பெறுவோர் எண்ணிக்கையை வைத்தே வறுமையை அளக்கிறார்களாமே, சரியா?

பதில்: முன்பு ஓரளவு சரி. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம். 185 வரை சலுகை விலை, அதிகபட்சம் 40 சென்ட். அப்போதும் பதின்வயதுப் பிள்ளைகள் பலர், கூடப்படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். அவர்கள் கணக்கில் வரவில்லை.

2014 முதல், ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகள் நாடு முழுவதும் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் போடலாம் என்றானது. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. தட்டேந்தும் பிள்ளையிடம் யாரும் வருமானம் விசாரிப்பதில்லை. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளையும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதனால் பல மாநிலங்கள், அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலோடு மாணவர் பெயர்களை ஒப்பிட்டு எண்ணுகின்றன. அந்த உதவிக்குத் தகுதியில்லாத குடியேறிகளின் பிள்ளைகள் அதிலும் விடுபடுகிறார்கள்.