வாடைக் காற்றும் பால்வெட்டும்

நம் நாட்டில் பனி பெய்யும் குளிர்காலம் இல்லை. ஆயினும், வடக்கே நெடுந்தொலைவில் உள்ள சைபீரியாவும் வடசீனமும் குளிரால் உறைந்து கிடக்கும் மாதங்களில்தான், நம் கிழக்குக் கரைத் தோட்டங்களில் மழை விடாது பெய்கிறது. அங்கே குளிர்காலம், இங்கே மழைக்காலம். இவ்விரண்டும் ஒரே காற்றின் இரு முகங்கள்.

பால்மரம் வெட்டும் தொழிலாளருக்கு இம்மாதங்கள் சோதனையானவை. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு நின்றால் வருமானம் குறைகிறது. வெட்டிய பின் மழை வந்தாலோ, உழைப்பும் பாலும் ஒருங்கே வீணாகின்றன. மழையை நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் அது வரும் வழியை அறிந்து, வானிலை அறிவிப்பின் பொருளை உணர்ந்து, நாளைய வேலையை இன்றிரவே திட்டமிட இயலும். அதற்கான வழிகளை இப்பாடத்தில் காண்போம்.

காற்று புறப்படும் இடம்

குளிர்ந்த காற்று கனமானது. நவம்பர் முதல் மார்ச் வரை சைபீரிய நிலப்பரப்பின்மீது இத்தகைய காற்று திரண்டு, உயர் அழுத்தமாக நிற்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று ஓடும் அல்லவா? அவ்வாறே இக்காற்று தெற்கு நோக்கிப் பாய்ந்து, தென்சீனக் கடலைக் கடந்து நம்மிடம் வருகிறது. இதனையே வடகிழக்குப் பருவக்காற்று என்கிறோம்.

புறப்படும்போது இக்காற்று வறண்டது. வெப்பமான கடலின்மீது வரும் வழியில் நீராவியை நிறைய உறிஞ்சிக்கொள்கிறது. கரையை அடைந்து மேலெழும்பும்போது அந்நீராவி குளிர்ந்து மழையாகிறது.

இக்காற்று எல்லா நாளும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. சில நாள் வலுவாகப் பொங்கி வரும்; பிறகு தணியும்; மீண்டும் பொங்கும். அவ்வாறு பொங்கும் நாள்களில்தான் மழை இரவு பகல் பாராது கொட்டுகிறது. இடைப்பட்ட நாள்களில் வெயிலும் காணலாம். ஆகவே, மழைக்காலம் முழுவதும் வேலையற்ற காலம் என்று எண்ணிவிடலாகாது. பொங்கலுக்கும் பொங்கலுக்கும் இடையே கிடைக்கும் நல்ல நாள்களை முன்னறிந்து பயன்படுத்துவதே நமது திறமை.

கரைக்குக் கரை வேறுபாடு

பருவத்தின் தொடக்கத்தில், நவம்பர் டிசம்பர் மாதங்களில், கிளந்தானும் திரங்கானுவும் கடும் மழையைப் பெறுகின்றன. டிசம்பர் ஜனவரியில் மழையின் வேகம் தெற்கு நோக்கி நகர்ந்து, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய பகுதிகளைத் தாக்குகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்குக் கரையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, நாட்டில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

மேற்குக் கரைத் தோட்டங்களுக்குத் தித்திவங்சா மலைத்தொடர் ஓர் அரணாக நிற்கிறது. பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்களில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டியே மழை மிகுகிறது. அது பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் வந்து, மாலையில் ஓயும். ஆதலின் காலை வெட்டுக்குப் பல நாளும் தடையிராது.

ஆயினும், அரண் இருக்கிறது என்று மேற்குக் கரையினர் அயர்ந்திருத்தல் கூடாது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்தபோது, சிலாங்கூரே வெள்ளத்தில் மூழ்கியது. அந்த வெள்ளத்தில் நாட்டில் 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அறிவிப்பின் சொற்களை அறிவோம்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. காலை, பிற்பகல், இரவு எனப் பிரித்து, ஏழு நாளுக்கான நிலையை அதில் காணலாம். 'மைச்சுவாச்சா' என்னும் கைப்பேசிச் செயலியிலும் இதனைப் பெறலாம். தாமே படிக்க இயலாத முதியவர்களுக்கு, வீட்டிலுள்ள பிள்ளைகள் மாலைதோறும் வாசித்துக் காட்டுவது நன்று.

அறிவிப்பில் வரும் மலாய்ச் சொற்களை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

'சத்து டுவா தெம்பாட்' என்றால், மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மட்டும் மழை என்று பொருள். நம் தோட்டம் நனையாமலே போகலாம்.

'பெபெராப்பா தெம்பாட்' என்றால், பல இடங்களில் சிதறலாக மழை உண்டு. நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

'கெபாஞாக்கான் தெம்பாட்' என்றால், பெரும்பாலான இடங்களில் மழை. நம் நிரை மட்டும் தப்பும் என்று நம்புவது சரியன்று.

இச்சொற்களை அறியாதவர்தாம், "மழை என்றார்கள், ஒரு துளியும் விழவில்லை, அறிவிப்பு பொய்" என்று குறை கூறுவர். அறிவிப்பு சொன்னது ஓரிரு இடம். அந்த இடம் பக்கத்துத் தோட்டமாக இருந்திருக்கலாம்.

மழை எங்கே என்பதோடு எப்பொழுது என்பதையும் பார்த்தல் வேண்டும். பால்வெட்டுக்கு முக்கியமானவை இரவும் காலையும். பிற்பகல் மழை என்றால் காலையில் வெட்டி, பாலை உரிய நேரத்தில் சேர்த்துவிடலாம். இரவு மழை என்றால், விடியலில் பட்டை ஈரமாயிருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

முன்னறிவிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. தொடர்மழை எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். மஞ்சள் நிறம் விழிப்புடன் இருக்கச் சொல்வது; ஆரஞ்சு நிறம் கடுமையைக் குறிப்பது; சிவப்பு நிறம் அபாயத்தைக் குறிப்பது. இடிமழை எச்சரிக்கையோ குறுகிய காலத்துக்கு உரியது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையோடு கூடிய இடிமழை நெருங்கும்போது அது வெளியிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. ஆகவே நேற்றிரவு பார்த்த எச்சரிக்கையை நம்பி இன்று காலை இருக்கலாகாது. புறப்படுமுன் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

ஈரப்பட்டையில் வெட்டினால் வரும் கேடு

"ஒரு நாள்தானே, ஈரமாயிருந்தாலும் வெட்டிவிடுவோம்" என்று சிலர் எண்ணக்கூடும். இதன் விளைவுகளை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, ஈரப்பட்டையில் பால் வெட்டுக்கோட்டின் வழியே ஒழுங்காக ஓடுவதில்லை. பட்டைமீது பரவி வழிந்து, மங்குக்கு வெளியே சிந்துகிறது.

இரண்டாவது, மங்கில் மழைநீர் கலந்தால் பாலின் அளவு கூடினாற்போல் தோன்றும். ஆனால் உலர் ரப்பர் விகிதம் குறைந்துவிடும். எடை பார்க்கும் இடத்தில் அது வெளிப்படும்.

மூன்றாவதே பெருங்கேடு. புதிதாக வெட்டிய பட்டை ஒரு திறந்த புண்ணைப் போன்றது. விடாத ஈரத்தில் பூஞ்சணங்கள் அப்புண்ணில் புகுந்து அழுகலை உண்டாக்குகின்றன. அழுகிய இடத்தில் பட்டை செம்மையாக வளராது. மேடும் பள்ளமுமாகி, பின்னாளில் கத்தி வைக்க இயலாததாகிவிடும். ஒரு நாள் பாலுக்காகப் பல ஆண்டுப் பாலை இழப்பது இலாபமாகுமா? வெட்டுக்கோட்டில் கருங்கோடுகளோ வெண்சாம்பல் பூத்தாற்போன்ற படலமோ தென்பட்டால், உடனே மண்டோரிடம் தெரிவித்தல் வேண்டும். மருந்து பூசுவதற்கு அதுவே தக்க தருணம்.

மழைக்காப்புத் தகடு பொருத்திய மரங்களில் வெட்டுப் பகுதி காய்ந்திருக்க வாய்ப்புண்டு. தகடு பட்டையோடு ஒட்டும் இடத்தில் விரிசல் இருந்தால் நீர் உள்ளே கசியும். நவம்பருக்கு முன்பே அதனைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

நாமே அளந்து எழுதுவோம்

வானிலைத் துறை மாவட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. நம் தோட்டத்தைப் பற்றி எழுதி வைக்க வேண்டியவர் நாமே. இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள ஒரு தகர டப்பாவை, மரநிழலோ கூரையோ இல்லாத வெட்டவெளியில், சாயாதவாறு நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8 மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீர். அவ்வாறாயின் 20 மில்லிமீட்டர் மழை, ஒரு ஹெக்டரில் 2 இலட்சம் லிட்டர் நீரைக் கொட்டுகிறது! ஓடையும் சாலையும் ஒரே இரவில் மாறிவிடுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போதும்: நாள், அறிவிப்பு சொன்னது, டப்பா காட்டியது, வெட்டு நடந்ததா இல்லையா. ஒரு பருவம் எழுதினாலே, 'சத்து டுவா தெம்பாட்' என்ற அறிவிப்புக்கு நம் தோட்டம் பத்தில் எத்தனை நாள் நனைகிறது என்பது கண்கூடாகத் தெரியும். மலையோரத் தோட்டத்துக்கு ஒரு கணக்கு. சமவெளித் தோட்டத்துக்கு வேறொரு கணக்கு. வெட்டு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆயினும், காலைப் பெரட்டில் இக்குறிப்பேடு இருந்தால் பேச்சு ஊகத்தில் நில்லாது, கணக்கில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைத்தால் அவர்களுக்கும் அது நல்ல பாடமாகும்.

உயிரே முதன்மை

இடிமழை வரும்போது மரத்தடியில் நிற்றல் கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் நம் வேலையிடமே மரத்தடி! ஆகவே, இடி நெருங்குமுன் காட்டை விட்டு வெளியேறுவதே ஒரே வழி. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடியோசை கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது. வாளியை வைத்துவிட்டுக் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்லுங்கள். கடைசி இடியோசை கேட்ட பின்னர் 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள்.

ஆற்றைக் கடந்து வேலைக்கோ பள்ளிக்கோ செல்லும் குடும்பங்கள், வடிகால் நீர்ப்பாசன இலாகா வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தையும் பார்த்து வருதல் வேண்டும். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என அது நான்கு நிலைகளில் தரப்படுகிறது. வேகமாக ஓடும் நீர் கணுக்கால் அளவைத் தாண்டினாலே ஆளைத் தள்ளிவிட வல்லது. மோட்டார் சைக்கிளில் அதனைக் கடக்க முயலுதல் அறவே கூடாது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, மருந்து ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு, உயரமான இடத்தில் இப்பொழுதே வைத்துவிடுங்கள்.

மழைக்குப் பின் இலையுதிர்வு

பருவத்தின் பிற்பகுதியில், பிப்ரவரி மார்ச் மாதங்களில், காற்று வலுவிழந்து வறட்சி தொடங்குகிறது. பெர்லிஸ், கெடா ஆகிய வட மாநிலங்களில் இது கடுமையாயிருக்கும். பால்மரம் இலை உதிர்ப்பதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். புதிய தளிர் விடும்போது மரம் தன் வலிமையைத் தளிருக்குச் செலவிடுவதால் பால் குறைகிறது. அது வெட்டுபவரின் குறையன்று, மரத்தின் இயல்பு. அவ்வேளையில் குளிர்ந்த இரவும் தூறலும் மூட்டமும் தொடர்ந்தால், இளந்தளிரில் சாம்பல் நோய் பரவும். ஆதலின் மழை ஓய்ந்ததும் அறிவிப்பை மறந்துவிடலாகாது. காய்ந்த சருகில் நெருப்புப் பிடிக்காமல் காப்பதும் இக்காலக் கடமையாகும்.

இன்றிரவே தொடங்குக

உறங்கச் செல்லுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். நாளை மழை ஓரிரு இடத்திலா, பெரும்பாலான இடத்திலா? அது காலையிலா, பிற்பகலிலா, இரவிலா? எச்சரிக்கை ஏதும் உண்டா, அது எந்த நிறம்? விடியலில் எழுந்ததும் எச்சரிக்கையை மீண்டும் பார்த்து, பட்டையைத் தொட்டுப் பார்த்துக் கத்தியை எடுங்கள். துறையின் அறிவிப்பும் நம் கைக்குறிப்பும் சேர்ந்தால், மழைக்காலத்திலும் கிடைக்கும் நல்ல நாள் ஒன்றும் வீணாகாது. கெட்ட நாளில் ஓர் உயிரும் போகாது.