மரத்தை விடுங்கள், தலையணையைப் பாருங்கள்

மார்ச் பிறந்தால் இந்தப் பகுதிக்குத் தும்மல் கடிதங்கள் வந்து குவியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக மூக்கையும் மூச்சையும் பார்த்துவரும் மருத்துவர் அவற்றில் சிலவற்றுக்குப் பதில் தருகிறார். எழுதியவர்கள் கொஞ்சம் திட்டு வாங்கத் தயாராக இருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக்கு முன்னால் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுகின்றன. காலையில் எழுந்ததும் எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல். வசந்தகால மகரந்தம் என்கிறார்கள். மரத்தை வெட்டச் சொல்லி மாநகர் மன்றத்துக்கு மனு கொடுக்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மனுவைக் கிழித்துப் போடுங்கள். கோலாலம்பூரில் வசந்தமே கிடையாது. சில வாரம் மழை ஓய்ந்து வெயில் காய்ந்தால் தெக்கோமா பூக்கும், அவ்வளவுதான். அந்தப் பூ பெரிதாக, பளிச்சென்று இருப்பதே தேனீயைக் கூப்பிடத்தான். தேனீயை நம்பும் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றேறி உங்கள் ஜன்னலுக்கு வருவது அரிது. மூக்கை வதைப்பவை காற்றை நம்பும் மரங்கள். பூத்ததே தெரியாத மாதிரி பூப்பவை: ஐரோப்பாவில் பிர்ச், ஜப்பானில் சுகி. போருக்குப் பிறகு ஜப்பானியர்கள் மலைமலையாக சுகி நட்டார்கள். இன்று அங்கே பத்தில் ஏறக்குறைய நான்கு பேருக்கு அதன் மகரந்தம் ஒத்துக்கொள்வதில்லை. நம்மவர்கள் மார்ச் கடைசியில் சகுரா பார்க்கப் போய், மரத்தடியில் படம் எடுத்துத் தும்மிவிட்டு, பழியைச் சகுரா மேல் போடுகிறார்கள். பாவம், அதுவும் நிரபராதி.

காலையில் எழுந்ததும் தும்மல் என்கிறீர்களே, இரவெல்லாம் எங்கே படுத்திருந்தீர்கள்? கீழே கிள்ளான் வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: தினமும் ஒரு கரண்டி தேன் சாப்பிட்டால் மகரந்த ஒவ்வாமை போகுமா?
– வாசகர், செந்தூல்

பதில்: தேன் அப்பத்துக்கு நன்றாக இருக்கும். மூக்குக்கு ஒன்றும் செய்யாது.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அதனாலும் ஒவ்வாமை வராதா?
– வாசகர், காப்பார்

பதில்: வரலாம். நியாயமான கேள்வி. செம்பனையின் ஆண்பூக் கொத்து விரிந்திருக்கும்போது பக்கத்தில் நின்றால் சோம்பு வாசனை அடிக்கும். குச்சியால் தட்டினால் வெளிர்மஞ்சள் தூளாகக் கொட்டும். அந்தத் தூள் ஒத்துக்கொள்ளாதவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பது தோல் சோதனைகளில் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்களே இந்தத் தூளைச் சேகரித்துப் பெண்பூவின் மேல் ஊதிக்கொண்டு மரம் மரமாகப் போனார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை வண்டிடம் போனது. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் செம்பனைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்கப் பூக்கும். உங்கள் தொல்லை ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் என்றால் அது புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்களே, அந்த ரகம். அதற்கு ஒவ்வாமை உள்ள உடம்பே தேவையில்லை, யாராக இருந்தாலும் இருமத்தான் வேண்டும். எது என்று ஊகித்துக்கொண்டிருக்காமல் தோல் சோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். போட்டுக்கொண்டே வந்தால் சோதனை பொய் சொல்லும்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. காலையில் மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. தூசிப்பூச்சி என்கிறார் கிளினிக் டாக்டர். தினமும் வீட்டைத் துடைக்கிறேன். இரண்டாயிரம் வெள்ளி போட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரமும் வாங்கியாயிற்று. குறையவில்லை.
– வாசகி, கிள்ளான்

(இந்தக் கடிதத்துக்கு மட்டும் மருத்துவர் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். சுருக்கித் தருகிறோம்.)

பதில்: தூசிப்பூச்சியின் குடித்தனம் மெத்தையில் அம்மா, நீங்கள் துடைப்பதோ தரையை. அதன் உடம்பு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். கிள்ளானில் ஈரத்துக்கா பஞ்சம்? பன்னிரண்டு மாதமும் அதற்கு விருந்து. கடிக்கவும் செய்யாது, அதன் எச்சம் மூக்கில் ஏறுவதுதான் தொல்லை. அந்த எச்சம் கனமாக இருப்பதால் கிளம்பிய சில நிமிடத்தில் படிந்துவிடும். மூலையில் இரையும் இயந்திரம் அதை இழுப்பதற்குள் பையன் தலையணையில் முகம் புதைத்துவிட்டான்.

அந்தத் தலையணையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். உறை புதிது. உள்ளே இருக்கும் இலவம்பஞ்சு பையனுக்கு மூத்ததா? கட்டிலில் எத்தனை பொம்மை? ஏர்கான் போட்டு, கதவையும் ஜன்னலையும் அடைத்து, கனத்த திரையும் தொங்கவிட்ட அறையா? பூச்சிக்கு அரண்மனை கட்டிக் கொடுத்துவிட்டுத் தரையைத் துடைத்து என்ன பயன்?

விரிப்பு, உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் எச்சம் போகும், பூச்சி சாகாது. வீட்டில் வெந்நீர் இயந்திரம் இல்லையென்றால், காசு போட்டுத் துவைக்கும் டோபி கடைதான் முக்குக்கு முக்கு இருக்கிறதே, அங்கே சூடான உலர்த்தியில் போடுங்கள். பழைய தலையணையைத் தூக்கி எறியுங்கள். மெத்தைக்கு முழுவதும் மூடும் ஜிப் உறை போடுங்கள். மெத்தையை வெயிலில் போட்டு அடிக்கும்போது, தயவுசெய்து, பையனைப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்திருப்பார்கள். மூன்று நாள் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று அலமாரியில் வைத்திருப்பீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். வலது கையால் இடது துவாரம், இடது கையால் வலது துவாரம். மருந்து நடுச்சுவரில் படக்கூடாது.

கேள்வி: மகள் மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறாள். அங்கே மகரந்தம் மோசம் என்கிறார்கள். இங்கே அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.
– வாசகர், ஷா ஆலாம்

பதில்: முதல் ஆண்டும் ஒன்றும் தெரியாமல் போகலாம். புது ஊர் மகரந்தம் உடம்புக்குப் பகையாகப் பெரும்பாலும் சில வசந்தங்கள் பிடிக்கும். அங்கே வில்லன் புல். 2016 நவம்பர் 21 மாலை இடிக்காற்று வீசியபோது, ரைகிராஸ் புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்துப் பொடியாகி நுரையீரல்வரை இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். இந்திய, இலங்கை வம்சாவளியினர் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் பாதிக்கப்பட்டார்கள். வசந்தத்தில் தும்மல் மட்டும் இருந்து, ஆஸ்துமா என்று அதுவரை கேள்வியே படாதவர்கள் அவர்களில் பலர்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை விக்டோரியா மாநில அரசு இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வெளியிடுகிறது. எச்சரிக்கை நாளில், புயல் வருமுன் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருக்கட்டும். வசந்தத்தில் தும்மல் தொடங்கினால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால் இழுக்கும் நீல இன்ஹேலர் அங்கே மருந்தகத்தில் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

கேள்வி: சின்ன மஞ்சள் மாத்திரை போட்டால்தான் எனக்கு மூக்கு நிற்கிறது. லாரி ஓட்டுகிறேன். வண்டி எடுக்குமுன் போடலாமா?
– வாசகர், போர்ட் கிள்ளான்

பதில்: கூடாது. தூக்கம் வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றும்; கால் பிரேக்குக்குப் போக நேரமாகும். மருந்தகத்தில் லோராடடின் கேட்டு வாங்குங்கள். அதிலும் முதல் மாத்திரையை லீவு நாளில் போட்டுப் பாருங்கள் தம்பி.