வறட்சியில் கோதுமை: விதையை ஊறவைத்து விதைக்கும் முறை

கோதுமை குளிர்காலப் பயிர். நம் நாட்டில் அதன் பெரும்பரப்பு இன்று பாசனம் பெறுகிறது. எனினும் மத்தியப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும், காம்பாத் வளைகுடாவை ஒட்டிய குஜராத் நிலங்களிலும், இமாசலப் பிரதேச மலைச்சரிவுகளிலும் மழை விட்டுச்சென்ற மண் ஈரத்தையே நம்பிக் கோதுமை பயிரிடுவோர் உளர்.

இவர்களுக்கு இடர்கள் இரண்டு. விதைப்பின்போது மேல்மண் காய்ந்து முளைப்பு குன்றுவது ஒன்று. மணி முற்றும் பருவத்தில் ஈரம் வற்றி, வெப்பமும் மிகுந்து, மணி சுருங்குவது மற்றொன்று. 2022 மார்ச் மாதத்தில் வீசிய வெப்ப அலை பாசனப் பயிரையே பாதித்தது எனில், மானாவாரிப் பயிரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடர்களைக் குறைக்க உதவும் எளிய முறைகளுள் ஒன்று, விதையை ஊறவைத்து விதைப்பது. ‘சீட் பிரைமிங்’ எனப்படுவதும் இதுவே.

விதையினுள் நிகழ்வது என்ன?

விதை நீரை மூன்று கட்டங்களில் ஏற்கிறது. முதலில் விரைவாக உறிஞ்சுகிறது. அடுத்து, உறிஞ்சும் வேகம் தணிந்து, நொதிகள் செயற்படத் தொடங்குகின்றன. சேமித்த மாவுப்பொருள் கரைந்து உணவாகிறது. மூன்றாம் கட்டத்தில் முளைவேர் வெளிவருகிறது. இரண்டாம் கட்டத்திலேயே விதையை நீரிலிருந்து எடுத்துவிடுவதுதான் இம்முறையின் அடிப்படை. காய்ந்த விதை மண்ணில் பல மணி நேரம் செய்ய வேண்டிய வேலையை, ஊறிய விதை முன்னரே முடித்திருக்கும். ஆகவே அது விரைவில் முளைத்து, கீழிறங்கும் ஈரத்தைத் தொடர்ந்து வேரை ஆழச் செலுத்துகிறது. சில நாள் முன்னதாகப் பூப்பதால், கடைசிக்கால வெப்பத்திலிருந்தும் ஓரளவு தப்புகிறது.

1990-களில் பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழக அறிவியலாளர்கள், இந்தியாவின் மேற்குப் பகுதி உழவர்களுடன் சேர்ந்து மக்காச்சோளம், மேட்டுநில நெல், கொண்டைக்கடலை ஆகியவற்றில் இம்முறையை ஆராய்ந்தனர். கோதுமையில் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் உழவர்கள் செய்து பார்த்த சோதனைகளின் முடிவுகள் 2001-இல் வெளியாயின. விரைவான முளைப்பும் சீரான பயிர் நிலையும் உழவர்களே கண்டறிந்த நன்மைகள். பல வயல்களில் விளைச்சலும் கூடியது.

செய்முறை

நல்ல முளைப்புத்திறனுள்ள விதையைத் தூய நீரில் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மாலையில் ஊறவைத்தால் மறுநாள் காலையில் எடுக்கலாம். பின்னர் நீரை வடித்து, நிழலில் பரப்பி, மேற்பரப்பு மட்டும் உலரச் செய்து அன்றே விதைப்பது நன்று. பூஞ்சாண மருந்தோ நுண்ணுயிர் உரமோ கலப்பதாயின், உலர்த்திய பின்னரே கலக்க வேண்டும். ஊறிய விதை பருத்திருக்கும். விதைப்புக் கருவியின் அளவை அதற்கேற்பச் சரிசெய்து கொள்வது அவசியம்.

கால வரம்பே இம்முறையின் உயிர்நாடி. வரம்பு கடந்து ஊறிய விதை, விதைக்கு முன்பே முளைவிடும். அந்த முளை பின்னர் உலர்ந்தால் மடியும். மறுமுறை விதை வாங்க வசதியற்ற சிறு உழவருக்கு இது ஒரு பருவ இழப்பாகும். எனவே கைப்பிடி விதையை முதலில் ஊறவைத்து, எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். மண்ணில் இடாமலே முளை வெளிப்பட்டால் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லை

ஊறவைத்தல் நீருக்கு மாற்றாகாது. ஈரமே அற்ற மண்ணில் ஊறிய விதையும் முளைக்காது. வறட்சி தாங்கும் இரகம், காலத்தே விதைப்பு, ஈரம் காக்கும் உழவு ஆகியவற்றுடன் சேரும்போதே இதன் பயன் முழுமை பெறும்.

செலவு மிகக் குறைவு என்பதால் இதற்கு மானியமோ கடனோ தேவையில்லை. தேவைப்படுவது சரியான அறிவுரையே. விரிவாக்கப் பணியாளர்கள் ஒரே வயலில் ஊறிய விதையையும் காய்ந்த விதையையும் அருகருகே விதைக்கச் செய்து, முடிவை உழவரின் கண்ணுக்கே விட்டுவிடலாம்.