கதவை மூடிக்கொள்ள ஓர் இடம்



2020 மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19ஐ உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. அதையொட்டிய நாட்களில் இத்தாலி, பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளின் உளச்சிகிச்சையாளர்கள் தம் அறைகளைப் பூட்டிவிட்டு, தொலைபேசி வழியாகவும் கணினித் திரை வழியாகவும் பணியைத் தொடர வேண்டியதாயிற்று. அவர்கள் பெற்ற அனுபவத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

முதலில் அவர்கள் உணர்ந்தது இழப்பையே. திரையில் முகம் தெரியும்; நடுங்கும் கை தெரியாது. எதிரிலிருப்பவர் மௌனமானால், அழுகிறாரா, சிந்திக்கிறாரா, தொடர்புதான் அறுந்துவிட்டதா என்று புரியாது. ஆதலால் மாலையானதும் வழக்கத்தை மிஞ்சிய களைப்பு. போதாக்குறைக்கு, ஆறுதல் தேடி வந்தவரை வாட்டிய அதே நோய்ப்பயம் ஆறுதல் சொன்னவரையும் வாட்டியது.

ஆயினும் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. நேரில் சொல்லக் கூசியதைச் சிலர் தூரத்திலிருந்து துணிந்து சொன்னார்கள். இது முற்றிலும் புதிய செய்தியன்று. சிக்மண்ட் பிராய்ட் நோயாளியின் பார்வையில் படாமல் அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால் அமர்ந்தே செவிமடுத்தார். 1953இல் இலண்டனில் சாட் வரா என்னும் அங்கிலிக்கன் குருவானவர், தற்கொலை எண்ணத்தோடு போராடுவோருக்குத் தொலைபேசி வழியாகச் செவிகொடுக்கும் பணியைத் தொடக்கினார். குரல் மட்டுமே ஒருவரைத் தாங்கிப்பிடிக்க வல்லது.

எல்லாவற்றிலும் பெரிய தடையாய் இருந்தது வீடுதான். கணவன் அடுத்த அறையில் இருக்க, அவன் கொடுமையை மனைவி எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? சிலர் வெளியே நிறுத்திய காருக்குள் இருந்து பேசினர். "இப்போது தனியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டே சிகிச்சையாளர்கள் உரையாடலைத் தொடங்கப் பழகினர். பிறர் காதில் விழாத அந்தச் சிறு அறையும் மருந்தின் ஒரு பகுதி என்பது அறையை இழந்தபின்தான் நன்கு விளங்கியது.

பாவசங்கீர்த்தனத்தைத் தொலைபேசியில் செய்ய முடியாது. குருவானவர் முன்னிலை அதற்கு வேண்டும். உளவளத்துணை அருட்சாதனமன்று, தூரத்திலிருந்தும் அதைப் பெறலாம். எனினும் கேட்டதை வெளியே சொல்லாமை இரண்டுக்கும் உரிய கடமை.

நம் நாட்டிலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்து உதவி பெறலாம். ஆனால் நம் வீடுகளில் ஒருவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாலே, "ஆரோடை கதைக்கிறாய்?" என்ற கேள்வி எழுகிறது. செபிக்கும்போது உள்ளறைக்குச் சென்று கதவை அடைக்கச் சொன்னார் நம் ஆண்டவர். மனம் நொந்தவர் பேசுவதற்கும் அத்தகைய அறை தேவை. அரை மணி நேரம் அவருக்கு அதை விட்டுக்கொடுங்கள். என்ன பேசினார் என்று பின்னர் துருவாதிருங்கள். அதுவும் பிறரன்புப் பணியே.

சிந்தனைக்கு:
1. நம் வீட்டில் ஒருவர் தனியாகப் பேச இடமும் நேரமும் உண்டா?
2. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை நாம் மறைவாகக் காக்கின்றோமா?