அட்டையைத் தூக்குவோம்!

முதலில் ஒரு கேள்வி.

வேகமாக வரும் லாரியும் ஒரு சைக்கிளும் மோதுகின்றன. எதன் மீது விசை அதிகம்?
அ) லாரி
ஆ) சைக்கிள்
இ) இரண்டின் மீதும் சமம்

விடையை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். அவருடைய மாணவர்கள் கஷ்டமான கணக்கெல்லாம் போட்டுவிடுவார்கள். ஆனால் இந்த மாதிரி சாதாரணக் கேள்வியில் பலர் தவறினார்கள். அதனால் 1991-ல் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார்.

1. ஆசிரியர் கொஞ்ச நேரம் நடத்திவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.
2. ஒவ்வொருவரும் பேசாமல் யோசித்து விடை காட்ட வேண்டும்.
3. விடைகள் பலவிதமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லிப் பேச வேண்டும்.
4. மறுபடி விடை காட்ட வேண்டும். பிறகு ஆசிரியர் விளக்குவார்.

விடை காட்ட ‘கிளிக்கர்’ என்ற கருவி உண்டு. டி.வி. ரிமோட் மாதிரி இருக்கும். பட்டனை அமுக்கினால் எந்த விடைக்கு எத்தனை பேர் என்று கணினியில் தெரியும். ‘நம்மகிட்ட அது இல்லையே’ன்னு கவலைப்படாதீங்க! கனடாவில் லாஸ்ரி என்ற ஆசிரியர் ஒரு வகுப்புக்குக் கிளிக்கரும் இன்னொரு வகுப்புக்கு வெறும் அட்டையும் கொடுத்துப் பார்த்தார். இரண்டு வகுப்பும் ஒரே அளவுதான் கற்றுக்கொண்டன. இந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. கிளிக்கரால் எண்ணுவது சுலபம், அவ்வளவுதான். யோசிப்பதும் பேசுவதும்தான் முக்கியம்.

எங்க டீச்சர் இதைச் சொல்லி, பழைய காலண்டர் அட்டையில் அ, ஆ, இ எழுதிவரச் சொன்னாங்க. லாரிக் கேள்விக்கு 38 பேரில் 14 பேர்தான் சரியான அட்டை தூக்கினோம் என்று எழுத ஆசை. ஆனால் நான் தூக்கியது ‘ஆ’. நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பவள் நான்!

கடைசி பெஞ்சுத் தோழி ஒருத்தி ‘இ’ காட்டியிருந்தாள். அவள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். பேசும் நேரத்தில் என்னிடம், “பெஞ்ச தட்டிப் பாரு. நீ தட்டுன அளவுக்கு அதுவும் உன் கைய தட்டுது. கைதான் வலிக்குது, பெஞ்சுக்கு ஒண்ணும் ஆகல. அதுக்காக விசை வேறயா?” என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டாவது முறை 27 பேர் ‘இ’ காட்டினோம்.

சரியான விடை: இ. விசை சமம்தான். சைக்கிளின் நிறை குறைவு, அதனால் முடுக்கம் அதிகம். அதனால்தான் அது தூக்கி எறியப்படுகிறது.

கை தூக்கச் சொன்னால் தெரிந்த நாலு பேர்தான் தூக்குவோம். அட்டை என்றால் எல்லோரும் தூக்கியாக வேண்டும். யாருக்குப் புரியவில்லை என்று டீச்சருக்கும் உடனே தெரியும். ஆனால் ஒன்று, தப்பான அட்டையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த தடவை பக்கத்து அட்டையைப் பார்த்துத்தான் தூக்குவார்கள்.

உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். செலவு ஒரு பழைய அட்டைதான்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி